பாக்கி பூஜ்யம்

கடனுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தால் சௌகரியம். தங்கை கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன், கூட்டாளி ஏமாற்றிவிட்டான் என்று எதையாவது சொல்லி நாலு பேரிடம் அழலாம். கேட்கிறவர்களும் உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். வாத்தியாருக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அவருடைய கடன் இரண்டு டயரிலும் ஒரு கடைவாய்ப் பல்லிலும் வாஷிங் மெஷினிலும் வீட்டு அட்வான்ஸிலும் துளித்துளியாக ஊறிச் சேர்ந்தது. "அப்படி என்னதான் வாங்கினீங்க?" என்று மனைவி ஒருமுறை கேட்டபோது, உட்கார்ந்து உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வாங்கலை. இருந்தோம், அவ்வளவுதான்" என்றார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து சீட்டில் அமர்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, நாளெல்லாம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருப்பது அவர் பிழைப்பு.

ஆரம்பத்தில் ஒரே ஒரு கிரெடிட் கார்டுதான் இருந்தது. அதன் பாக்கி ஏறியபோது இன்னொரு பேங்க் கூப்பிட்டு, "அந்தப் பாக்கியை எங்க கார்டுக்கு மாத்திக்குங்க சார், ஆறு மாசம் வட்டியே கிடையாது" என்றது. மாற்றுவதற்குக் கூலி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டது. ஆறு மாதத்தில் அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்ட வாத்தியார், காலியாகிப்போன முதல் கார்டு பர்ஸில் சும்மா படுத்திருப்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதுவும் நிரம்பியது. மூன்றாவது வந்தது. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஓர் எண் இருக்கும். சின்னதாக, பரமசாதுவாக இருக்கும். அதை மட்டும் கட்டிக்கொண்டே போனால் ஆள் செத்தாலும் கடன் சாகாது என்று புரிய அவருக்கு இரண்டு வருடம் ஆயிற்று. கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரே கார்டில் வந்து நின்றன. பாக்கி அவருடைய எட்டு மாதச் சம்பளம்.

அந்த இடத்தில்தான் அத்தான் உள்ளே வந்தார். அக்காவின் கணவர். கடைத்தெருவில் ஃபேனும் லைட்டும் விற்கிறவர். கல்லாவில் கார்டு தேய்க்கிற மெஷின் இருந்தது.

"இங்க பாரு மாப்ள, பில் தேதி அன்னைக்கு உன் முழுப் பாக்கியையும் நான் கட்டிடறேன். கட்டின உடனே கார்டு காலியாயிடும். அடுத்த நிமிஷமே அதே தொகைக்கு என் மெஷின்ல தேய்ச்சிக்கறேன். மறுநாள் பணம் என் கணக்குக்குத் திரும்பி வந்துடும். பேங்குக்காரன் பார்வையில நீ ஒழுங்கா அடைச்சுட்டு புதுசா சாமான் வாங்கின ஆளு. வட்டி கிடையாது. நூத்துக்கு ரெண்டு மட்டும் எனக்குக் குடு. மெஷின்காரன் அதுல பாதிக்கு மேல பிடுங்கிக்குவான்."

இதற்கு அவர்கள் வைத்த பெயர் உருட்டு. சட்டப்படி செய்யக்கூடாத காரியம்தான். கடைத்தெருவில் பாதிப் பேர் செய்தார்கள். நாலு வருடம் மாதம் தவறாமல் உருட்டினார்கள். பேங்கின் கணக்குப்படி வாத்தியார் அதற்குள் ஆயிரத்துச் சொச்சம் சீலிங் ஃபேன் வாங்கியிருந்தார். "உன் வீட்டுக்குள்ள நுழைஞ்சா மனுஷன் பறந்துடணுமே மாப்ள" என்று அத்தான் ஒவ்வொரு மாதமும் ஒரே ஜோக்கைச் சொல்லிச் சிரிப்பார். வாத்தியாரும் சிரிப்பார். உதவி செய்கிறவர் ஜோக்குக்குச் சிரிக்காமல் முடியுமா?

கடன் குறையவில்லை. ஏறவும் இல்லை. ஓடுகிற சக்கரத்துக்குள் எலி இருக்கிற மாதிரி அவர் இருந்தார். களைப்புதான், ஆனால் விழவில்லை.

அவரிடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்மணி ஒருத்தி ஏதோ ஒரு பேங்கில் கடன் பிரிவில் வேலை பார்த்தாள். நாற்பது வயது. மரத்தின் நிழல் ரோட்டில் விழுந்தாலே பிரேக்கை மிதிப்பாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது பயம் தெரியாமல் இருக்க ஓயாமல் பேசுவாள்.

"என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் கார்டுக் கடன்தான் சார். ஒருத்தரும் வாயைத் திறந்து கேக்க மாட்டாங்க. எழுதிக் கேட்டா நாங்களே வட்டியைக் குறைச்சு, தவணையா பிரிச்சுக் குடுத்துடுவோம். மூணு வருஷத்துல முடிஞ்சு போயிடும்."

"வெறும்ன கேட்டாலே குடுத்துடுவீங்களா?"

"சிரமமா இருக்குன்னு உண்மையைச் சொல்லணும். ஐயோ, அந்த லாரி நம்ம மேல வருது!"

"அது நின்னுக்கிட்டிருக்கும்மா. நீங்கதான் அது மேல போறீங்க" என்று வாத்தியார் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார்.

அன்று மதியம் கார் நிழலில் நின்றிருந்தபோது அவர் தன் கார்டு பேங்குக்குப் போன் செய்தார். நாலு வருடத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தையை, முகம் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னார். "எனக்குச் சிரமமா இருக்கும்மா. ஒரே தடவையில கட்ட முடியலை. தவணையா மாத்திக் குடுங்க." அந்தப் பெண் சம்பளம் கேட்டாள், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள், "பதிவு பண்ணிட்டேன் சார், பரிசீலிச்சுச் சொல்லுவாங்க" என்றாள். போனை வைத்தபோது வாத்தியாருக்கு உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வாங்கிக்கொண்டது போல இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது மனைவிக்கு ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனார். ரொக்கத்துக்கு.

அத்தானிடம் சொல்லவில்லை. முடிவு தெரிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். நாலு வருடம் கைகொடுத்தவரிடம், இனி உங்கள் கை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது என்ற கூச்சமும் இருந்தது.

முடிவு வருவதற்குள் பில் தேதி வந்துவிட்டது. சரி, இந்த ஒரு மாதம் வழக்கம்போல உருட்டிவிடுவோம் என்று கடைக்குப் போனார்.

அத்தான் அன்றைக்கு வாயெல்லாம் பல்லாக இருந்தார். கடைப்பையனை டீ வாங்க அனுப்பிவிட்டு, வாத்தியாரைக் கல்லாவுக்குப் பின்னால் இழுத்தார்.

"ஒருத்தருக்கும் சொல்லலை மாப்ள. உங்க அக்காவுக்குக்கூடச் சொல்லலை. சீட்டு வந்துடுச்சு!"

அத்தானின் மகள் கண் பரிசோதனைப் படிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். இனி வராது என்று வீட்டில் எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். அவள் மட்டும் தினமும் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விண்ணப்பத்தில் அப்பாவின் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். முன்னால் இருந்தவர் விலகிவிட்டார், இடம் உங்கள் மகளுக்கு, நாளை மறுநாள் மதியத்துக்குள் பணம் கட்டவும் என்று காலையில் அந்த போனுக்குச் செய்தி வந்திருந்தது. கடைசிச் சுற்று என்பதால் பட்டியலில் எதுவும் மாறவில்லை; செய்தி மட்டும்தான்.

"இன்னும் ஏன் அத்தான் அவகிட்ட சொல்லலை?"

"ரசீதோட சொல்றேன். பட்டியல்ல பேரு மேலயும் கீழயும் போனதுக்கே அவ சோறு திங்கலை. இன்னொரு தடவை ஆசை காட்டி ஏதாவது ஆச்சுன்னா தாங்க மாட்டா." அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நாலு வருஷம் படிச்சு, 'இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா'ன்னு கேக்கப்போறா. அதுக்கு இவ்வளவு பணம்! நான் சும்மாவே கேப்பேன்."

"பணம்?"

"சரக்கு எடுக்க வெச்சிருந்ததைப் புரட்டிட்டேன். கணக்குல இருக்கு. அதுலதான் இன்னைக்கு உன்னுதையும் உருட்டப்போறோம். நாளைக்குக் காலையில திரும்பி வந்து விழுந்துடும், நாளன்னைக்கு ஃபீஸ். ஒரு ராத்திரி வேலை."

வாத்தியார் ஒரு கணம் தயங்கினார். "வேணும்னா இந்த மாசம் விட்டுடலாமா அத்தான்?"

"விட்டா உனக்கு அபராதமும் வட்டியும் போடுவான். நாலு வருஷமா ஒரு நாள் தப்பியிருக்கா? குடு கார்டை."

அத்தான் போனில் எண்களைத் தட்டினார். முழுப் பாக்கியும் போய்ச் சேர்ந்தது. வாத்தியாரின் போனில் பேங்கிலிருந்து நன்றி வந்தது. அத்தான் கார்டை மெஷினில் சொருகினார். மெஷின் யோசித்தது. பிறகு மறுப்பு என்று காட்டியது.

"சில சமயம் இப்படித்தான்" என்றார் அத்தான். கார்டை உருவி, சட்டையில் துடைத்து, மறுபடி சொருகினார். மறுப்பு. பாதித் தொகை போட்டுப் பார்த்தார். மறுப்பு. ஒரே ஒரு பல்பின் விலையைப் போட்டுப் பார்த்தார். அதற்கும் மறுப்பு. மெஷினை அணைத்துப் போட்டார். டீ வந்து ஆறிக்கொண்டிருந்தது.

"பேங்குக்குப் போன் அடி" என்றார். வாத்தியார் போனைக் கல்லா மேல் வைத்து, சத்தம் வெளியே கேட்கும்படி போட்டார். கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. பிறகு ஒரு பெண் குரல்.

"சொல்லுங்க சார், எப்படி உதவட்டும்?"

"கார்டை மெஷின் எடுக்க மாட்டேங்குதும்மா. முழுப் பாக்கியும் இப்பதான் கட்டினேன்."

"ஆமா சார், வந்திருக்கு. ரொம்ப நன்றி. உங்க பாக்கி இப்போ பூஜ்யம்."

"அப்புறம் ஏம்மா வேலை செய்யலை?"

"போன வாரம் நீங்க பணச் சிரமம்னு சொல்லி தவணைக்கு விண்ணப்பிச்சிருக்கீங்க சார். அப்படி விண்ணப்பிச்சா அன்னையிலேருந்தே புதுச் செலவை நிறுத்திடுவோம். கடன் மேல கடன் ஏறக் கூடாது இல்லையா, உங்க நல்லதுக்குத்தான்."

அத்தான் தலையைத் தூக்கி வாத்தியாரைப் பார்த்தார். கார்டு எப்போதும் நிரம்பியே கிடந்ததால், அது ஒரு வாரமாகச் செத்துக் கிடப்பது இருவருக்கும் தெரிய வழியில்லாமல் போயிருந்தது.

"சரிம்மா, அந்த விண்ணப்பத்தை வேண்டாம்னு எடுத்துக்கறேன். கார்டைத் திறந்துவிடுங்க."

"ஒருதடவை சிரமம்னு பதிவாயிட்டா திறக்க முடியாது சார். ஒரு வருஷம் கழிச்சுப் புதுசா விண்ணப்பிக்கலாம்."

"அப்ப தவணையாவது குடுப்பீங்களா?"

"அது இனிமே தேவைப்படாது சார். பாக்கியே இல்லையே, எதைத் தவணையா பிரிக்கிறது? அந்தக் கோரிக்கை தானாவே முடிஞ்சிடும். வாழ்த்துக்கள் சார்."

வாத்தியார் போன் பக்கம் குனிந்தார். "இப்ப கட்டின பணத்தைத் திருப்பி எடுத்துக்க ஏதாவது வழி இருக்காம்மா?"

"கடனுக்குக் கட்டின பணத்தைத் திருப்பிக் கேக்கறீங்களா சார்?"

"ஆமா."

"அப்படி ஒரு வசதி எங்ககிட்ட இல்லை சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்ததும், இந்த அழைப்பில் எவ்வளவு திருப்தி, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டுச் செய்தி வந்தது.

அத்தான் மேலே மாதிரிக்குச் சுழன்றுகொண்டிருந்த ஃபேன்களை ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு கேட்டார். "பேங்க்ல போய்ச் சிரமம்னு சொன்னியா?"

"ஆமா அத்தான்."

"பாம்பு கிட்ட போய் எனக்குக் கால் வலிக்குது, ஓட முடியலைன்னு யாராவது சொல்லுவானா மாப்ள?"

"ஒரேயடியா முடிச்சுடலாம்னு..."

"முடிஞ்சுதே. உன் பாக்கி பூஜ்யம். வாழ்த்து வேற சொல்லிட்டா." அத்தான் குரலை உயர்த்தவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டியிருக்க மாட்டேன். ஒரு வார்த்தை மாப்ள."

அதற்கு மேல் அவரும் திட்டவில்லை, வாத்தியாரும் அழவில்லை. நேரம் இல்லை. அன்று மாலையும் மறுநாள் முழுக்கவும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி, "போன அட்வான்ஸே இன்னும் கழியலை வாத்தியாரே. நீங்க வண்டிக்கு பிரேக் போடறீங்க, செலவுக்குப் போட மாட்டேங்கறீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். வாத்தியார் வேறு இரண்டு பேங்குகளில் கார்டு கேட்டார். பெயரைத் தட்டிய உடனே தலையை ஆட்டினார்கள். ஒரு பேங்கில் சொன்ன உண்மை எல்லா பேங்குகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. மனைவியின் நகை என்றைக்கோ போயிருந்தது. அத்தான் கடையில் இருந்த விளக்குகளைப் பக்கத்துக் கடைக்குப் பாதி விலைக்குத் தள்ளினார். பேங்கின் மேல் புகார் கொடுக்க வழியில்லை. கொடுத்தால் உருட்டு வெளியே வரும், மெஷினும் போகும். எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பார்த்தபோது ஃபீஸில் மூன்றில் ஒரு பங்குதான் தேறியது. அத்தான் கல்லூரிக்குப் போன் செய்து, மீதிக்கு ஒரு மாதம் தவணை கொடுக்க முடியுமா என்று கேட்டார். அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்றார்கள்.

கெடு முடிந்த அந்த மதியம் வாத்தியார் கடைக்குப் போனபோது, அத்தான் போனில் வந்த செய்தியை அழித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல என்ன சொல்லப்போறீங்க அத்தான்?"

"என்ன சொல்றது? சீட்டு வந்தது அவளுக்குத் தெரியாது. வந்து போனதும் தெரிய வேண்டாம்." போனை மேஜை மேல் குப்புற வைத்தார். "என் பொண்ணு சீட்டை வெச்சு உருட்டினேன்னு உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா, அந்த வீட்டுல நான் இருக்க முடியாது. நீயும் வாசப்படி ஏற முடியாது. வாயைத் திறக்காதே."

வாத்தியார் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் சம்பளம் வாங்கிய அன்றே அவர் கடைக்குப் போய் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வந்தார். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரண்டாவது ஷிப்டும் எடுத்துக்கொண்டாள். அப்படியும் கொடுக்க முடிந்தது கொஞ்சம்தான். அத்தான் நூற்றுக்கு இரண்டு கேட்பதில்லை. எண்ணிப் பார்ப்பதும் இல்லை. டீ சொல்வதை நிறுத்தியிருந்தார். கடைப்பையனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் நிறுத்திவிட்டு, மகளைக் கொண்டுவந்து கல்லாவில் உட்கார வைத்தார்.

நாலாவது முறை வாத்தியார் போனபோது அத்தான் இல்லை. பெண் மட்டும் இருந்தாள். ஸ்டூல் மேல் ஏறி நின்று மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள், அவரைப் பார்த்ததும் இறங்கினாள்.

"வாங்க மாமா. அப்பா சரக்கு கேக்கப் போயிருக்காரு. யாரும் கடனுக்குத் தர மாட்டேங்கறாங்களாம்."

"அப்பா வந்தா இதைக் குடுத்துடும்மா."

அவள் பணத்தை எண்ணி, கல்லாவில் போட்டாள். "அப்பாகிட்ட வாங்கினவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மாமா கேக்காமலேயே கொண்டுவந்து குடுக்கறீங்க. மத்தவங்களுக்கெல்லாம் நான் போன் பண்ணிப் பண்ணி தொண்டை போயிடுச்சு."

வாத்தியார் கார் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். கிளம்பியிருக்கலாம்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? பட்டியல்ல எனக்கு முன்னாடி ஒரே ஒருத்தர்தான் இருந்தாங்க. அப்படியே நின்னுடுச்சு. கடைசித் தேதி வரைக்கும் பார்த்தேன். ஒரே ஒரு மார்க்கு கூட இருந்திருந்தா உள்ள போயிருப்பேன். அந்தப் பரீட்சையில ஒரு கேள்விக்குச் சரியா எழுதிட்டு, அப்புறம் அடிச்சுட்டு மாத்தி எழுதினேன் மாமா. இப்பவும் ராத்திரி அதுதான் கண்ணு முன்னாடி வருது."

"அதனால இல்லம்மா" என்றார் வாத்தியார். சொன்ன பிறகு பயந்துபோனார்.

"பின்ன எதனால?"

தெருவில் ஒரு லாரி போகும்வரை அவர் காத்திருந்தார். "ஒரு கேள்வியில என்ன இருக்குன்னு சொல்ல வந்தேன்."

"அம்மா அடுத்த வருஷம் மறுபடியும் எழுதச் சொல்றாங்க. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு, எழுந்து வெளிய போயிடறாரு. எனக்கு அந்த அளவுக்கு மூளை இல்லைன்னு அவருக்குத் தெரியும் போல. வருத்தப்படுவேன்னு வாயைத் திறக்க மாட்டேங்கறாரு." அவள் துடைத்த துணியை மடித்தாள். "நீங்க சொல்லுங்க மாமா. எழுதட்டுமா, விட்டுடட்டுமா? நீங்க சுத்தி வளைச்சுப் பேச மாட்டீங்க."

வாத்தியார் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். இதே வேகத்தில் கொடுத்தால் அடுத்த வருடத்துக்குள் கால்வாசி அடையும். கடையில் தட்டுகள் பாதி காலி. அவள் எழுதினால் நிச்சயம் இடம் கிடைக்கும்; இந்த முறை செய்தி அவள் கண்ணிலேயே படும். பணம் இருக்காது. அப்பா அவள் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போது ஏன் இல்லை என்ற கேள்வியும் வரும்.

எழுதாவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. தனக்கு மூளை போதாது என்பது மட்டும்தான் தெரியும்.

அவள் காத்திருந்தாள்.

"கடையைப் பார்த்துக்கம்மா" என்றார் வாத்தியார். "உனக்கு வியாபாரம் நல்லா வருது."

அவள் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு, நெடுநாள் காத்திருந்த பரீட்சை முடிவு வந்துவிட்டது போல, மெல்லத் தலையாட்டினாள்.

"நானும் அப்படித்தான் மாமா நினைச்சேன்" என்றாள். "யாராவது சொல்லணும்னு இருந்தேன்."

வாசலில் ஒரு ஆள் வந்து நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கார்டு தேய்த்து ரொக்கம் கிடைக்குமா என்று கேட்டார். அவள் மெஷினை எடுத்துக்கொண்டு அவர் பக்கம் போனாள். வாத்தியாருக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது.